நல்ல சொக்லேட் எங்க, மச்சாள்?

உப்புவெளியில் மாமி வீட்டு விறாந்தையில் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது மணம்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து ஆறு மணித்தியாலம் வான் வண்டியின் பின்பக்கத்தில் கிடந்த பெட்டி. உள்ளே இருந்த சொக்லேட்டில் பாதி உருகித் திரும்ப இறுகியிருந்தது. ஒன்றை உரித்துப் பார்த்தேன், மேலெல்லாம் சாம்பல் வெள்ளை படர்ந்திருந்தது.

"ஐயோ பிள்ளை, பூஞ்சணம் பிடிச்சிட்டுது" என்றார் மாமி.

பூஞ்சணம் இல்லை. கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில் உருகும். வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். ஆடி மாதத் திருகோணமலையில் மேசையில் வைத்தாலே கரைவதும் அதனால்தான். உருகியது தன்பாட்டில் ஆறும்போது கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படிகிறது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, உடைக்கும்போது கேட்கும் அந்த 'டக்' சத்தம் மட்டும் போய்விடும். இதை மாமிக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் சின்னப் பிள்ளைகள் இரண்டு கண்டோஸ் தின்று முடித்துவிட்டார்கள். கண்டியில் செய்த கண்டோஸைத் தின்று வளர்ந்த எங்களுக்கு எந்த நாட்டுச் சொக்லேட்டும் கண்டோஸ்தான்.

மாமியின் கடைசி மகளுக்குக் கல்யாண எழுத்து முடிந்து விசாவும் வந்துவிட்டது. அடுத்த மாதம், சுவிஸில் நான் இருக்கிற சூரிச் நகரத்துக்கு வருகிறாள். உறையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அங்க நல்ல சொக்லேட் எங்க, மச்சாள்?"

கேள்வி சின்னது. ஆனால் அந்த நகரத்தை நான் பழகியதே இனிப்புக் கடைகள் வழியாகத்தான்.

நான் போனது 2011 மார்கழியில். கணவர் காலையில் உணவகச் சமையலறைக்குப் போனால் இரவுதான் வருவார். சுப்பர் மார்க்கெட்டில் வாய் திறக்கத் தேவையில்லை. எடுக்கலாம், காசு கொடுக்கலாம், வரலாம். அப்படியே சில மாதங்கள் ஓடின. ஜேர்மன் வகுப்பு ஆசிரியை ஒருநாள் ஒரு வேலை தந்தார். கண்ணாடிக்குப் பின்னால் சாமான் வைத்து விற்கிற கடைக்குப் போய், கேட்டு வாங்கி, பற்றுச்சீட்டோடு வரவேண்டும். அதற்கு ஒரு வசனமும் சொல்லித் தந்தார்: "இஹ் ஹெட்டே கேர்ன்". எனக்கு இது வேண்டும் என்பதை மரியாதையாகக் கேட்பது.

பரடேபிளாட்ஸ் என்ற சதுக்கத்தைச் சுற்றிப் பெரிய வங்கிகள். நடுவில் ட்ராம் நிறுத்தம். அங்கேதான் ஷ்ப்ருங்லி கடை, 1859 முதல் அதே இடத்தில். மூன்று ட்ராம் போகும்வரை நிறுத்தத்தில் நின்று வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். பிறகு உள்ளே போய்ச் சொன்னேன். கவுண்டரில் நின்ற பெண் சின்ன இடுக்கியைக் கையில் பிடித்தபடி, நான் முடிக்கும்வரை அவசரப்படுத்தாமல் நின்றார். நான் விரலால் காட்டிய ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னார்; நானும் திருப்பிச் சொன்னேன். ஆறு துண்டு வாங்கினேன். பற்றுச்சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

நான் வாங்கியது லுக்செம்புர்கெர்லி. இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் இரண்டு ஓடுகள், நடுவில் கிறீம். பாதாமும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்த ஓடு. பல் பட்டதும் மேல்தோல் மெல்ல உடையும், அதற்குப் பிறகு கடிக்க ஒன்றுமே இராது. குளிரில் வைத்துச் சில நாளுக்குள் தின்ன வேண்டிய சாமான். ஊருக்குக் கொண்டுவரவே முடியாது. மாமிக்கு இதைக் காட்ட முடியவில்லையே என்பது எனக்கு இன்றும் குறைதான். முட்டை இருப்பதால் வெள்ளிக்கிழமையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற மாமி அன்று தொடவும் மாட்டார்.

ஊருக்குக் கொண்டுவருவதற்கு லேடரக் கடை நல்லது. பலகை போலப் பெரிய பாளங்களை அடுக்கி வைத்திருப்பார்கள், கேட்கிற அளவுக்கு உடைத்து நிறுத்துத் தருவார்கள். முழு ஹேசல் கொட்டை போட்டதை வாங்கு என்றேன். மலிவில்லை. மிக்ரோஸ் சுப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பிரை சொக்லேட்டும் நல்ல சொக்லேட்தான், என் பெட்டியில் பாதிக்கு மேல் அதுதான். ஈஸ்டர் முடிந்த கிழமையில் முயல் சொக்லேட்டுகளின் விலை இறங்கும், அப்போது வாங்கி வைக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் அவளிடம் இரண்டு தரம் சொன்னேன். தொய்ஷர் கடையின் பேர்போன உருண்டை ஷாம்பெயின் சேர்த்தது. வேறு கடைகளில் கிர்ஷ் என்ற செறிப்பழச் சாராயம் உள்ளே இருக்கும், வெளியில் பார்த்தால் தெரியாது. ஒருமுறை தெரியாமல் ஒரு பெட்டியை வாங்கி வந்து, பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தாவுக்குக் கொடுக்கப் போய், கடைசி நிமிடத்தில் வாசித்துப் பார்த்து நிறுத்தினேன். அன்று பட்ட பதற்றம் இன்னும் மறக்கவில்லை. "ஓனே அல்கொஹோல்" என்று கேட்டால் மது இல்லாததை எடுத்துத் தருவார்கள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்த இரண்டாவது வசனம் அதுதான்.

ஏரிக்கரையில் கில்ஷ்பெர்க் என்ற இடத்தில் லிண்ட் கம்பனி 2020இல் ஒரு சொக்லேட் காட்சியகம் திறந்தது. உள்ளே போனதும் ஒன்பது மீற்றருக்கு மேல் உயரமான சொக்லேட் ஊற்று. பிள்ளைகள் அதைப் பார்த்து நிற்க, நான் வேறொன்றில் நின்றுவிட்டேன். 1879இல் பேர்ண் நகரத்தில் ரொடோல்ஃப் லிண்ட் ஒரு இயந்திரம் செய்தார். அதுவரை சொக்லேட் பல்லில் நறநறக்குமாம். அவர் அதை மணிக்கணக்காக விடாமல் அரைத்துக் கிண்ட, அது வழுவழுப்பாகி வாயில் கரையத் தொடங்கியது. வாசித்தபோது மாமியின் கைதான் கண்ணில் வந்தது. சித்திரை வருசத்துக்குத் தொதல் கிண்டும்போது எண்ணெய் பிரிந்து தாச்சியை விட்டு வரும்வரை அகப்பையை நிறுத்தவே விடமாட்டார்.

தனிமையாக இருக்கிற நாளில் போய் இருக்க நீடர்டோர்ஃப் பக்கம் ஷோபர் என்ற பழைய கடை இருக்கிறது. ஒடுங்கின ஒழுங்கைக்குள். சூடான சொக்லேட் ஒன்று எடுத்துக்கொண்டு யன்னல் ஓரம் இருக்கலாம். முதல் குளிர்காலத்தில் அழுகை வரும், அது எல்லோருக்கும் வந்தது என்று சொல்ல நினைத்தேன். மாமி பக்கத்தில் இருந்தார், சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கிடைக்காதது ஒன்று. தமிழ்க் கடையில் கித்துள் பாணிப் போத்தல் கிடைக்கும். ஊற்றுவதற்குத் தம்பலகாமத்து எருமைத் தயிர் இல்லை. அங்குள்ள யோகட்டில் பாணியை விட்டால் இரண்டும் சேர்ந்து தண்ணீராக ஓடும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிரை நினைத்துக்கொண்டு அதைக் குடித்திருக்கிறேன்.

பின்னேரம் மாமா தயிர்ச்சட்டி ஒன்று வாங்கி வந்தார். மச்சாள் வெள்ளை படிந்த சொக்லேட் ஒன்றை எடுத்துக் கத்தியால் சீவி, பாணி விட்ட தயிரின் மேல் தூவித் தாய்க்கு நீட்டினாள். மாமி ஒரு கரண்டி வாயில் வைத்து யோசித்தார்.

"பாணியே காணும்" என்றார்.

மச்சாள் போனில் தமிழ் எழுத்தில் குறித்து வைத்ததைப் பார்த்து, கோப்பையை நீட்டி, மெதுவாகச் சொன்னாள்: "இஹ் ஹெட்டே கேர்ன்... தயிருக்கு அங்க என்ன சொல்றது, மச்சாள்?"