ஆறாவது நிழல்

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

படத்தில் நிழல் ஆறு. ஆள் ஐந்து. 42 ஆண்டுகளாக எங்கள் வீட்டில் தீராத வழக்கு இது. இன்று அத்தை ஊரிலிருந்து வந்ததும் மறுபடி விசாரணைக்கு வந்துவிட்டது.

படம் உள்ளங்கை அகலம்தான். 1983 மாசி மாதம், ராமநாதபுரம் கடற்கரையில் வாலிநோக்கம் உப்பளத்தை ஒட்டிய தரவையில் (வெட்டவெளியில்), பறக்கும் பொம்மை ராக்கெட்டிலிருந்து எடுத்தது. மேல் பாதி முழுக்கப் பாத்திகள், கணக்கு நோட்டுக் கட்டங்களைப் போல. கீழ்ப் பாதியில் உப்புப் பூத்து வெளுத்த தரை. அந்த வெளுப்பில் ஆறு கறுப்புக் கோடுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் மனிதன் வெறும் புள்ளி. நிழல்தான் ஆள். அதனால்தான் அப்பா மாலை ஐந்து மணிக்கு மேல்தான் ஏவுவார்.

நெட்டை நிழல் சித்தப்பா. ராக்கெட்டை ஏவும் பேட்டரிப் பக்கம் குனிந்திருப்பது அப்பா. தலையில் காளான் முளைத்திருப்பது அம்மா, குடை பிடித்திருக்கிறாள். ("வெயிலுக்கு இல்லை, அந்தக் கருமம் தலையில் விழுந்து தொலைத்தால்?") தாவணி விசிறியிருப்பது அத்தை. எட்டு வயதுப் பொடியன் நான். ஆறாவது ஒருவன் சற்றுத் தள்ளி நிற்கிறான். கட்டையன். கழுத்தே இல்லை.

உப்பளத்து வாட்ச்மேன் என்பது அப்பாவின் கட்சி. அத்தை அதை ஏற்பதில்லை. "எல்லைக் கருப்பசாமி, அண்ணே. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார்." அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சூடம் காட்டும்போது தட்டு அந்தப் படத்துக்கு முன்னாலும் ஒரு சுற்றுச் சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மகள் படத்தைக் கழற்றிக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினால் கட்டையன் கலங்கிப்போகிறான். "அதே இடத்திலிருந்து இன்னொரு படம் எடுத்தால் என்ன?" என்று கேட்டாள்.

2025 பிப்ரவரி 3

ராக்கெட் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை மகளுக்காக எழுதி வைக்கிறேன். அவள் கேட்டபோதெல்லாம் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

1980 ஜூலை 18 அன்று இந்தியாவின் எஸ்எல்வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம், ராமேஸ்வரத்துக்காரர். அன்றைக்குப் பிடித்த பித்து அப்பாவுக்கு. உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை. பேரேட்டின் பின்பக்கம் எல்லாம் ராக்கெட் படம். சரக்குக் கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா இதைக் கேலி செய்துகொண்டே போனவர், 1983 பொங்கலுக்கு வரும்போது ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். அமெரிக்காவில் எஸ்டெஸ் என்ற கம்பெனி செய்யும் ஆஸ்ட்ரோகேம் 110. அட்டைக் குழாய் உடம்பு, பிளாஸ்டிக் மூக்கு. அந்த மூக்குக்குள்ளேயே காமிரா. கூடவே விரல் நீளத்தில் ஆறு மோட்டார்கள். வெடிமருந்து அடைத்த சாமானை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்றால் இன்றுவரை சிரிப்புத்தான் பதில்.

மோட்டார் மீது சி6-7 என்று எழுதியிருக்கும். அப்பா அதை எனக்கு மந்திரம் போலச் சொல்லித் தந்தார். சி என்பது மோட்டார் தரும் மொத்தத் தள்ளல் (கணத்தாக்கு), 10 நியூட்டன்-வினாடி வரை. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 7 என்பது காத்திருப்பு. மருந்து இரண்டு வினாடிக்குள் எரிந்து முடிந்துவிடும். பிறகு ஏழு வினாடி, புகை மட்டும் விட்டுக்கொண்டு ராக்கெட் தன் வேகத்திலேயே ஏறும், உச்சியில் தயங்கும், மூக்கைக் கீழே கவிழ்க்கும். அப்போது உள்ளே ஒரு சின்ன வெடி. மூக்கு கழன்று பாராசூட் குடை விரியும். அதே இழுப்பில் காமிராவின் கண் ஒருமுறை திறந்து மூடும். ஒரு பறப்புக்கு ஒரு படம். எதைப் பார்த்து எடுக்கும் என்பது ராக்கெட்டின் இஷ்டம்.

ஆறு மோட்டாரும் தீர்ந்த பிறகு பிலிமைக் கழுவ ஆள் தேடினோம். சின்ன அளவு 110 பிலிம் என்றாலே ராமநாதபுரத்து ஸ்டூடியோக்களில் கையை விரித்தார்கள். மதுரைக்குப் போய், அங்கிருந்து மெட்ராஸுக்குப் போய், திரும்பிவர ஒன்றரை மாதம் ஆனது. ஆறில் இரண்டு வெறும் வானம். ஒன்றில் சாய்ந்த கடல். இரண்டு கலங்கல். மிச்சம் இருந்தது சுவரில் தொங்குகிற இந்த ஒன்று.

2025 பிப்ரவரி 6

மகள் முதலில் ட்ரோன் என்றாள். கடற்படையும் கடலோரக் காவலும் கண் வைத்திருக்கும் கரை இது, நினைத்த நேரத்தில் ட்ரோன் விட முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா வேறு காரணம் சொன்னார். "ட்ரோன் போய் நின்றுகொண்டு, நீ காட்டுகிறதை எடுக்கும். நீ காட்டுகிறதைத்தான் நீ ஏற்கெனவே பார்த்துவிட்டாயே."

மருந்து மோட்டார் நினைத்தே பார்க்க வேண்டாம். ஆகவே தண்ணீர் ராக்கெட். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சத்தில் அடைத்த காற்று. காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், தண்ணீர் பாட்டிலை மேலே தள்ளும். வெறும் காற்றுக்கு எடை போதாது, அதனால்தான் தண்ணீர்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

நாள் முழுக்கத் திண்ணையில் பிவிசி குழாய்த் தூள்.

ஏவுதளம்: பாட்டில் கழுத்துக்குள் நுழையும் குழாய், சுற்றிலும் கேபிள் டை வரிசை, அவற்றின் தலைகள் பாட்டில் கழுத்து வளையத்தைப் பிடித்துக்கொள்ள, மேலே ஒரு பெரிய குழாய்த்துண்டு அழுத்திக்கொண்டிருக்கும். கயிற்றை இழுத்தால் அந்தத் துண்டு கீழே இறங்கும், பிடி விடும். அடியில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து அறுத்த வால்வு. இறக்கைக்கு யாருடைய கல்யாண வரவேற்புப் பலகையோ. ஒரு இறக்கையில் மணமகனின் காது தெரிகிறது. மூக்கு, பாதியாக அறுத்த பிளாஸ்டிக் பந்து. அதை ஒட்டக் கூடாது, சும்மா உட்கார்த்தி வைக்க வேண்டும். உச்சியில் தானாகக் கழன்றால்தான் கறுப்புக் குப்பைப் பையில் செய்த குடை வெளியே வரும்.

காமிரா கட்டைவிரல் அளவு, 20 கிராம்கூட இருக்காது. பாட்டிலின் விலாவில், கீழ்நோக்கிக் கட்டினாள் மகள். இந்த யோசனை புதிதில்லை. எஸ்டெஸ் 1965இல் விட்ட கேம்ராக் ஒற்றைக் கறுப்புவெள்ளைப் படம் எடுத்தது. 1970இல் வந்த சினிராக் சினிமாப் படமே பிடித்தது. வாலைத் திரும்பிப் பார்ப்பதற்கு அதன் வெளியே சின்னக் கண்ணாடி ஒன்று சாய்த்து வைத்திருப்பார்கள். அதற்கும் முந்தி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் ஆல்ஃபிரட் மவுல் ராணுவ வேவுக்கென்று காமிரா ராக்கெட் செய்தார். பாவம், அவர் அதைத் தேற்றி முடிப்பதற்குள் விமானம் வந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டது.

அப்பா எல்லாவற்றையும் நாற்காலியில் இருந்தபடியே பார்த்தார். ஒரே ஒரு முறை எழுந்துவந்து, இறக்கையைக் கட்டைவிரலால் தடவி, "இது கோணல்" என்றார். மகளும் நானும் கண்டுகொள்ளவில்லை.

2025 பிப்ரவரி 16, ஞாயிறு

காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுத்தான் போனோம். அங்கே இருந்தவர் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதற்குள் தண்ணீர் மட்டும்தானே?" என்று மூன்று முறை கேட்டார்.

தரவையில் முதல் பறப்பு. 60 பவுண்டு காற்று, 20 அடி தள்ளி நின்று கயிறு. எண்ணி முடிப்பதற்குள் போய்விட்டது. மருந்து ராக்கெட் சீறிக்கொண்டு போகும். இது தும்மிவிட்டுப் போகிறது. இரண்டு பனை உயரம் இருக்கும். குடை விரியவில்லை. மூக்கு தரையில் குத்தி நசுங்கியது. காமிராவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் போட்டுப் பார்த்தால் பம்பரத்தில் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. கடல், உப்பளம், கடல், உப்பளம், உடைமரம், கடல். அம்மாவுக்குத் தலை சுற்றி எழுந்து போய்விட்டாள். அப்பா எதுவும் சொல்லவில்லை. இறக்கை என்ற சொல்லைக்கூட உச்சரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

2025 பிப்ரவரி 18

இறக்கைகளைப் பிய்த்து, கதவு நிலையின் மூலையில் பாட்டிலை வைத்து, நூல் பிடித்து ஒட்டினோம். அப்பா ஒட்டினார். நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

2025 பிப்ரவரி 23, ஞாயிறு

போனபோது உப்பளத்துத் தெப்பத்தில் (கடல்நீர் தேக்கும் குளத்தில்) பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை கிளம்பும்வரை காத்திருந்தோம். கிளம்பும் வழியாக இல்லை. ஐந்தரை தாண்டிய பிறகு, அவற்றிடமிருந்து நன்றாகத் தள்ளிப்போய், வேறு இடத்தில் ஏவினோம். இந்த முறை நூல் பிடித்தாற்போல ஏறியது. குடையும் விரிந்தது. ஆனால் திடீரென்று கொண்டல் காற்று கிளம்பி, குடையைத் தூக்கிக்கொண்டுபோய் இன்னொரு தெப்பத்தின் நடுவில் போட்டது.

மகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். தெப்பத்துத் தண்ணீர் கடல் தண்ணீரைவிடக் கனம், காலில் கீறல் இருந்தால் உயிர் போகும். இருந்தது, போகவில்லை. பாட்டில் மிதந்தது. காமிரா உப்புக்குள் முக்குளித்துச் செத்துப்போயிருந்தது.

இரவு அதன் நினைவக அட்டையை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். மகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொன்னேன்: 1946 அக்டோபர் 24 அன்று நியூ மெக்சிகோவில் ஏவிய வி-2 ராக்கெட் நூறு கிலோமீட்டருக்கும் மேலே போய், ஒன்றரை வினாடிக்கு ஒன்றாகப் பூமியைப் படம் எடுத்தது. விழுந்த வேகத்தில் காமிரா சுக்குநூறு. ஆனால் எஃகுப் பெட்டிக்குள் இருந்த பிலிம் சுருள் தப்பிவிட்டது. விண்வெளியிலிருந்து எடுத்த முதல் படங்கள் அவைதான்.

"நம்மிடம் எஃகுப் பெட்டி இல்லையே" என்றாள்.

2025 பிப்ரவரி 24

அட்டை பிழைத்துவிட்டது. ஆனால் வேறு இடம், வேறு கோணம், நேரமும் தாண்டிவிட்டது. நிழல்கள் படச்சட்டத்துக்கு வெளியே ஓடியிருந்தன. புதுக் காமிரா வாங்க வேண்டும். வீட்டில் செலவுக் கணக்கை அம்மா கேட்கவில்லை, பார்த்தாள்.

2025 மார்ச் 2, ஞாயிறு

அத்தையும் வந்திருந்தாள். சித்தப்பாவால் தூத்துக்குடியிலிருந்து வர முடியவில்லை. தொலைபேசியில் ஒரு மணி நேரம் அறிவுரை மட்டும் வழங்கினார்.

அப்பா பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரப்பு திரும்பும் மூலையைக் கண்டுபிடித்து, செருப்பால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். "இங்கே." அவர் நாற்காலி அங்கே. அம்மா குடையோடு. அத்தை. கயிறு மகளிடம், பம்பு என்னிடம். ஐந்தே கால் மணி. காற்று அடங்கியிருந்தது.

ஏறியது, தயங்கியது, கவிழ்ந்தது. குடை விரிந்து, ஐம்பது அடி தள்ளி, நல்ல பிள்ளையாக வந்து இறங்கியது.

இரவு திண்ணையில் மகள் வீடியோவை ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்தினாள். உச்சிக்குச் சற்று முன்னால், சுழற்சி ஏறக்குறைய நின்றுபோன ஓர் இடத்தில் நிறுத்தினாள். பாத்திகள் மேலே, வெளுத்த தரை கீழே. நாற்காலி நிழல், காளான் நிழல், அத்தை, மகள், நான்.

"ஆறு இருக்கிறதே" என்றாள் அத்தை, குரலைத் தாழ்த்தி.

இருந்தது. சற்றுத் தள்ளி, கட்டையாக, கழுத்தில்லாமல், இரண்டு தோளோடு. எனக்கே முதுகு சில்லென்றது. மகள்தான் முதலில் சிரித்தாள். ராக்கெட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோன என் மொபெட். சூரியனுக்கு நேராக நிறுத்தினால் வண்டி நிழலில் ஒல்லியாகிவிடுகிறது. ஹேண்டில் பார் இரு தோளாகிறது. பின்னால் கேரியரில் கட்டிய பிளாஸ்டிக் குடம் தலையாகிறது.

1983இலும் அப்பா சைக்கிளில்தான் போனார். அந்தத் தரவையில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. கேரியரில் குடம் கட்டாமல் யாரும் போனதில்லை.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். அம்மா பார்த்துவிட்டு உள்ளே போனாள், அடுப்பில் பால் என்று. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை, மொபெட் மொபெட்தான், அது அவர்தான் என்கிறாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, மறுபடி கழற்றி, வெகுநேரம் பார்த்தார்.

"குடமாக இருக்க முடியாது," என்றார் கடைசியில். "ஏவுவதற்கு முன்னால் குடத்தை இறக்கி எல்லோரும் தண்ணீர் குடித்தோம். திரும்பக் கட்டினோமா என்பதுதான் நினைவில்லை."

அடுத்த ஞாயிறு குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒருமுறை ஏவிப் பார்க்க வேண்டுமாம்.