முப்பது சதவீதம்

கோத்தகிரியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கே ஸ்லைடு காய்வதே பெரும்பாடு. ரத்தத்தைத் தடவி வைத்த கையோடு மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும். ஈரம் போகாமல் லீஷ்மன் சாயம் ஊற்றினால் சிவப்பணுக்கள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். நோயில்லை, மலை செய்த வேலை. மேசை விளக்கடியில் வைத்துத்தான் காயவைப்பேன்.

அந்த அக்கா முதலில் வந்தது அப்படியொரு மழைநாளில். கொழுந்து பறிப்பவர், முப்பது வயது இருக்கும். கை சில்லிட்டுப் போய் நரம்பே தட்டுப்படவில்லை. பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்து, கிளாஸை ஐந்து நிமிடம் இரண்டு கையாலும் பிடித்திருக்கச் சொன்ன பிறகுதான் ரத்தம் எடுக்க முடிந்தது. காய்ச்சல், விரல் மூட்டுகளில் வலி. கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் சிவப்பு. "வெயில் சுட்டது தம்பி" என்றார். நானும் நம்பினேன். குளிராக இருந்தாலும் மலை வெயிலில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். தோட்டத்தில் கன்னம் கறுக்காதவர் யார்? அந்த வெயிலே லூபஸ் என்ற நோயைக் கிளப்பிவிடும் என்பது அப்போது என் புத்தியில் இல்லை.

மொத்த வெள்ளை அணு 3,600. அதில் லிம்போசைட் என்ற வகை 30 சதவீதம். மொத்த எண்ணிக்கையும் (டோட்டல் கவுண்ட்) டி.சி., வகை பிரித்து எண்ணுவதும் (டிஃபரன்ஷியல் கவுண்ட்) டி.சி.; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். என் தவறும் ஏறக்குறைய அதே குழப்பம். வகை பிரிக்கும்போது நூறு அணுக்களை எண்ணுவோம், நூறாவதுக்கு கையிலிருக்கும் எண்ணும் கருவி மணியடிக்கும். அதனால் சதவீதம் தானாகவே வாயில் வரும். 20 முதல் 40 வரை இயல்பு. மொத்தம் கொஞ்சம் குறைவுதான், வைரஸ் காய்ச்சலில் இறங்கும், சரி என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து 3,100, 27 சதவீதம். அப்புறம் 2,800, 26 சதவீதம்.

மூன்றாம் முறை மருத்துவர் போனில் கூப்பிட்டார். "தம்பி, சதவீதத்தை விடுங்க. லிம்போசைட் மொத்தம் எத்தனை இருக்குன்னு சொல்லுங்க."

பதிவேட்டைப் புரட்டிப் பெருக்கிப் பார்த்தேன். 1,080. 837. 728. முதல் தடவையே 1,500 என்ற கீழ் எல்லைக்குக் குறைவு. மூன்று வரியிலும் என் கையெழுத்தில் "இயல்பு". கூட்டமே கரைந்துகொண்டிருக்கிறது, நான் பங்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாங்கள் பழகியதெல்லாம் எண்ணிக்கை ஏறினால் பயப்படத்தான். லூபஸில் உடம்பு தன் அணுக்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்யும். வெள்ளை அணு 4,000க்குக் கீழே இறங்குவது அந்த நோயைக் கண்டுகொள்ளும் அடையாளங்களில் ஒன்று. அந்த எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனைக்கு மாதிரி கோயம்புத்தூர் போனது, பாசிட்டிவ் என்று வந்தது. லிம்போசைட்டுகளை டி செல், பி செல் என்று தனித்தனியாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் ஒரு குழாய் அனுப்பினோம். அதை ஐஸில் வைக்கக் கூடாது, அணுக்கள் கெடாமல் போய்ச் சேர வேண்டும். ஓட்டுநர் நல்ல மனசோடு ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டார். நான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். மறுபடி டீ கிளாஸ், மறுபடி ஊசி.

ஸ்டீராய்டும் ஹைட்ராக்சிக்ளோரோகுயினும் தொடங்கிச் சில வாரத்தில் மொத்தம் 7,200.

"ஏறிடுச்சா தம்பி?"

"ஏறிடுச்சுக்கா."

பொய்யில்லை. ஸ்டீராய்டு நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களை ரத்த ஓட்டத்துக்குள் இழுத்துவிட்டு மொத்தத்தை உயர்த்திக் காட்டும். லிம்போசைட் 10 சதவீதம். அச்சான எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவால் 720 என்று எழுதி வட்டமிட்டு, "இதை டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா" என்று கொடுத்தேன். அவர் தாளைப் பிரித்துப் பார்க்கவில்லை. நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் போயிடும் என்று படியிறங்கினார்.