மார்கழில மீன் தொட்டிக்குத் தண்ணி மாத்துறது

ராமேஸ்வரம் பக்கம் எங்க மண்டபம் ஊர்ல கிணத்துத் தண்ணி உப்பு, அதனால காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கே தொட்டிக்கும் சேத்து டிரம்ல புடிச்சு வச்சிருவேன். குளோரின் போகணும்ல, மூடாம ஒரு நாள் முழுக்க ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்லு) ஓட விட்டுருவேன், மேல கொசுவலை மட்டும் கட்டிருவேன்.

மத்த மாசத்துல இதோட முடிஞ்சிரும். வாடைக்காத்து அடிக்கிற மார்கழிலதான் சிக்கலே. நம்ம ஊர்ல என்னத்த பெரிய குளிருன்னு போன வருசம் விடியக்காலைல டிரம்ல இருந்து அப்படியே மொண்டு ஊத்திட்டேன், மூணாம் நாளு ஏஞ்சல் மீன் செதில்ல, துடுப்புல எல்லாம் உப்புத்தூளு தூவுன மாதிரி வெள்ளைப்புள்ளி, கல்லுல போயி ஒரசிக்கிட்டே கெடந்துச்சு, ரெண்டு செத்துப்போச்சு. இன்னும் மனசு ஆறல.

இப்பல்லாம் தெர்மாமீட்டர் வைக்காம ஊத்துறதே இல்ல. டிரம் தண்ணி 24 டிகிரி, தொட்டி 28ன்னா, 18 லிட்டருக்கு கொதிக்கக் கொதிக்க 1 லிட்டர் வெந்நி கலந்தா சரியா வந்து நிக்கும். எவர்சில்வர் பாத்திரத்துலயே காய்ச்சுங்க, செம்பு வேணாம், மீனுக்கு ஆகாது.

அடுப்பு பத்தவைக்க முடியலன்னா மீன் தொட்டிக்குப் போடுற 100 வாட் கண்ணாடி ஹீட்டர டிரம்ல போடலாம், 20 லிட்டர் 4 டிகிரி ஏற கிட்டத்தட்ட 1 மணி நேரமாகும். ஆனா பிளாஸ்டிக்ல ஒட்டாம வைங்க, மொள்றதுக்கு கால் மணி நேரம் முன்னாடியே சுவிட்ச ஆஃப் பண்ணி பிளக்க புடுங்கிருங்க, சூட்டோட ஹீட்டர் கண்ணாடி தண்ணிக்கு வெளிய தெரிஞ்சா வெடிச்சிரும். கால்வாசித் தண்ணிக்கு மேல ஒரே நாள்ல மாத்தாதீங்க.