வாசலுக்குள் இருக்கும் இருட்டு

மார்ச் 4
செம்புத் தகட்டில் கோடுகளை அரித்து அச்செடுக்கும் என் எச்சிங் படத்தில் கொட்டகையின் ஓடு, சரிந்த உத்தரம், சுவர் வெடிப்பு எல்லாம் வந்துவிட்டன. கதவு திறந்து கிடக்கும்போது உள்ளே தெரியும் அந்த இருட்டு மட்டும் இன்னும் வரவில்லை. கோடு மேல் கோடாக இழுத்துப் பார்த்தாலும் அது வலை போட்ட மாதிரிதான் இருக்கிறது. சரி, கோடில்லாமல் பரப்பாகவே கருமை தரும் அக்வாடின்ட் முறைதான் வழி.

மார்ச் 6
செம்புத் தகட்டின் மேல் ரோசின் என்ற மரப்பிசின் தூளைத் தூவி அடியில் சூடு காட்டினேன். துகள்கள் இளகி ஒட்டிக்கொண்டன. இனி ஃபெரிக் குளோரைடு கரைசல் துகள்களுக்கு இடையில் உள்ள செம்பை மட்டும் அரிக்கும். அந்த நுண்குழிகளில்தான் மை தங்கும். அதிக நேரம் ஊறினால் அதிகக் கருமை. மேலும் அரிக்காதபடி வானத்துக்கு முதலிலேயே வார்னிஷ் பூசி மூடினேன், அப்புறம் வயலுக்கு, பிறகு சுவருக்கு. வாசலை மட்டும் கடைசிவரை அரிக்கவிட்டேன்.

மார்ச் 7
ஈரத்தாளில் முதல் பிரதி. வாசல் வெல்வெட் கருப்பு. விரலால் தடவினால் மை மேடு தட்டுப்படுகிறது. படம் இடவலம் மாறித்தான் வந்திருக்கிறது, தகட்டு வேலையில் அது சகஜம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் எச்சிங்காகச் செய்த ஆம்ஸ்டர்டாம் காட்சியில் நகரமே திரும்பித்தான் நிற்கிறது. என் கொட்டகை திரும்பினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

மார்ச் 11
இதையே சிற்பமாக்க வேண்டும். கொட்டகை பொம்மை செய்வதில் எனக்கு ஆர்வமில்லை. பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் 1993இல் லண்டனில் ஒரு வீட்டின் உட்புறத்தைக் காங்கிரீட்டில் வார்த்துவிட்டுச் சுவர்களை அகற்றினார். வீட்டுக்குள் இருந்த வெற்றிடம்தான் கட்டியாக நின்றது. 1994 ஜனவரியில் அதை இடித்துத் தள்ளினார்கள். இருட்டைக் கையால் தொட இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 15
பழைய பலகைகளால் சிறிய கொட்டகை அச்சு. உள்பக்கம் சோப்புக் கரைசல் பூசி, பிளாஸ்டர் ஊற்றினேன். இறுகும்போது பலகைக்கு வெளியிலும் சூடு தெரிந்தது.

மார்ச் 16
அச்சைப் பிரித்தாயிற்று. உத்தரங்கள் இருந்த இடமெல்லாம் பள்ளம். மரத்தின் ரேகை, ஆணித்தலை, ஒரு கணுவின் சுழிகூட அப்படியே பதிந்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், தகட்டில் ஆகப் பெரிய பள்ளமாக இருந்த வாசல் இங்கே முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்த்த நண்பர் அதற்குக் கருப்பு அடிக்கச் சொன்னார். மாட்டேன், வெள்ளையாகவே இருக்கட்டும். அடுத்து இதே தகட்டில் கொட்டகைக்குப் பின்னாலுள்ள மண்மேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொட்டகை அங்கே வெறும் வானத்தில் மிதக்கிறது.