ஐசக் பேக்கஸைத் தேடி அலைந்த கதை: ஆவணக் காப்பகம் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

பழைய புத்தகத்தின் அடிக்குறிப்பில் இருக்கும் முகவரியை நம்பிக் காரை எடுக்காதீர்கள். ஐசக் பேக்கஸ் என்ற பாப்டிஸ்ட் போதகரின் காகிதங்களில் ஒரு பங்கு பாஸ்டன் பக்கத்து இறையியல் கல்லூரி ஒன்றில் இருப்பதாக நான் படித்த புத்தகம் சொன்னது. லீவு போட்டுவிட்டுப் போனால் வளாகமே கைமாறியிருந்தது. கல்லூரி வேறு மாநிலத்துக்குப் போய் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டதாம். வாசலில் இருந்த காவலாளி பாவம், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டியை இங்கே நிறுத்தக்கூடாது" என்றார்.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையின் ஆண்டு மலருக்காகத்தான் இந்த அலைச்சல். "காலனி காலத்தில் இங்கே ஒரு பாப்டிஸ்ட் போதகர் எப்படிக் காலம் தள்ளினார் என்று எழுதுங்களேன் தம்பி" என்று எங்கள் போதகர் கேட்டார், சரி என்று தலையாட்டிவிட்டேன். பேக்கஸ் 1724இல் கனெக்டிகட்டின் நார்விச்சில் பிறந்தவர். 1748இல் மசாசூசெட்ஸின் டிடிகட்டில் போதகரானார். 1751இல் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். 1756இல் மிடில்பரோவில் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கி, 1806இல் சாகும்வரை அதை நடத்தினார். இதெல்லாம் ஒரு மாலையில் கிடைத்துவிடும். அவருடைய சபை மக்களின் அன்றாடப் பாடு என்ன என்று கேட்டால்தான் தலைவலி ஆரம்பம்.

நம் ஊரில் யாருடைய பூர்வீகத்தைத் தேடினாலும் முதலில் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டுவோம். பாப்டிஸ்டுகளிடம் அந்த வழி அடைபட்டிருக்கிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதே தவறு என்று பிரிந்து வந்தவர்கள் அவர்கள். பிள்ளை பிறந்ததும் எழுதுகிற வரி அவர்கள் சபைப் புத்தகத்தில் எப்படி இருக்கும்? அப்புறம்தான் புரிந்தது, இவர்களைத் தேட வேண்டிய இடம் வரிக் கணக்கு என்று.

காரணம் இதுதான். மசாசூசெட்ஸில் ஊரின் காங்கிரிகேஷனல் (அங்கே அரசு ஆதரவு பெற்ற புராட்டஸ்டண்ட் பிரிவு) போதகருக்குச் சம்பளம் ஊரார் மேல் போட்ட வரியிலிருந்து போனது. பாப்டிஸ்டுகள் தங்கள் போதகரைக் காணிக்கையால் தாங்கிக்கொண்டு, போகாத கோயிலுக்கும் வரி கட்ட வேண்டும். 1728இல் விலக்கு அளித்து ஒரு சட்டம் வந்தது. ஆனால் விலக்கு வேண்டுமென்றால் இவர் உண்மையிலேயே பாப்டிஸ்ட் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். 1753இல் அதையும் இறுக்கினார்கள்: சான்று கொடுக்கும் சபை அசல் பாப்டிஸ்ட் சபைதான் என்று வேறு மூன்று பாப்டிஸ்ட் சபைகள் எழுதித் தர வேண்டும். சான்றிதழுக்கே சான்றிதழ்!

அப்படி ஒரு சான்றிதழைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஊர் அலுவலகத்துக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கவுன்டரில் இருந்த அம்மணி தலையே நிமிரவில்லை. "சர்ச் பேப்பரெல்லாம் சர்ச்சில் கேளுங்கள்." சர்ச்சில் கேட்டால், "எங்களிடம் இருப்பது பிற்காலப் புத்தகங்கள்தான், பழையது ஊர் அலுவலகத்தில் இருக்கும்." திரும்ப வந்தால் மதிய உணவு இடைவேளை. அதற்குப் பிறகு, அன்று அரை நாள்தான் என்று ஒரு அட்டை தொங்கியது.

அடுத்த முறை வார்த்தையை மாற்றினேன். சர்ச் என்றே வாய் திறக்கவில்லை. வரி மதிப்பீட்டாளர்களின் பழைய காகிதங்கள் வேண்டும் என்றேன். அதே அம்மணி, "அது கீழ்த்தளத்தில் இருந்தது, இப்போது காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டோம்" என்று ஒரு நிமிடத்தில் பதில் சொன்னார்! முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, நாளைக்கு அவர் தயவு தேவைப்படலாம்.

காப்பகத்தில் வேறு கதை. என் ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி. இப்போதைய முகவரிக்குச் சான்று இல்லாமல் வாசகர் அட்டை கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். மின்கட்டண பில்லைக் கையோடு கொண்டுபோங்கள். பேனாவை வெளியே வைத்துவிட வேண்டும், பென்சில் மட்டும்தான். பெட்டிகள் வெளிக் கிடங்கில் இருந்தால் முன்கூட்டியே எழுதிச் சொல்லாமல் போவது வீண்.

தேடும்போது இன்னும் இரண்டு கண்ணிகள். அரசாங்கக் காகிதத்தில் இவர்களை அனபாப்டிஸ்ட் என்றுதான் எழுதியிருப்பார்கள், பாப்டிஸ்ட் என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். இரண்டாவது, தேதி. 1752க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. வரி கட்டாததற்காக பேக்கஸைப் பிடித்தது நம் கணக்கில் 1749 பிப்ரவரி, அன்றைய கணக்கில் அது இன்னும் 1748. (யாரோ அந்தப் பணத்தைக் கட்டிவிட்டதால் அவர் சிறைக்குப் போகவில்லை.) ஜனவரியிலிருந்து மார்ச் வரையான எந்தத் தாளுக்கும் முந்தைய வருடக் கட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பேக்கஸ் தப்பினார், அவருடைய அம்மா தப்பவில்லை. எலிசபெத் பேக்கஸ் கணவரை இழந்தவர். 1752 அக்டோபரில், மழை பெய்யும் இருட்டில், இரவு ஒன்பது மணிவாக்கில் வரி வசூலிப்பவர்கள் வந்து நார்விச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பதின்மூன்று நாள் உள்ளே இருந்ததை நவம்பரில் மகனுக்குக் கடிதமாக எழுதினார். அச்சில் எளிதாகக் கிடைக்கிற கடிதம்தான் இது. ஆனாலும் இத்தனை அலைச்சலில் என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்தது இது ஒன்றுதான். அழுது புலம்பல் ஒரு வரி இல்லை.

கடைசியில் சான்றிதழ் கிடைத்தது. வரிக் காகிதங்களின் நடுவே, உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டுத் தாள்: சில பெயர்கள், இவர்கள் மனச்சாட்சிப்படி எங்கள் ஆராதனைக்கு வருகிறவர்கள் என்று ஒரு வாக்கியம், கீழே கையெழுத்துகள். காப்பகத்தின் பட்டியலில் அதைப் பற்றி ஒரு குறிப்புகூட இல்லை. எதிர் மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன்.

1773க்குப் பிந்தைய சான்றிதழைத் தேடிக் கஷ்டப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆண்டு பேக்கஸ் முன்னின்று, இனிச் சான்றிதழ் கொடுப்பதில்லை என்று வாரன் சங்கத்துச் சபைகளை (அந்த வட்டாரப் பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பு அது) முடிவெடுக்க வைத்தார். தேயிலை வரியைத் தேயிலை வாங்காமல் தவிர்க்கலாம், எங்களுக்கு அந்த வழியும் இல்லையே என்பது அவர் வாதம். ஆஷ்ஃபீல்டில் வரி பாக்கிக்காக 1770இல் பாப்டிஸ்டுகளின் நிலத்தையே ஏலம் போட்டிருந்தார்கள். மறு வருடம், அந்த ஏலத்துக்கு இடம் கொடுத்த ஆஷ்ஃபீல்டுச் சட்டத்தை ரத்து செய்தது லண்டனில் இருந்த அரசர். சுதந்திரப் போராட்டக்காரர்களுக்கு இது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

1774 அக்டோபர் 14 அன்று ஃபிலடெல்ஃபியாவில் கார்ப்பென்டர்ஸ் ஹாலில், மசாசூசெட்ஸின் பிரதிநிதிகளான ஜான் ஆடம்ஸ், சாமுவேல் ஆடம்ஸ் முன்னால் போய் முறையிட்டார் பேக்கஸ். சூரிய மண்டலம் மாறினாலும் மாறும், மசாசூசெட்ஸ் போதகருக்கு வரி வசூலிக்கும் தன் ஏற்பாட்டை விடாது என்கிற தொனியில் பதில் வந்ததாக அவர் குறித்திருக்கிறார். நம்பலாம், ஜான் ஆடம்ஸே தன் நினைவுகளில் கிட்டத்தட்ட அதையே எழுதி வைத்திருக்கிறார்.

பேக்கஸின் நாட்குறிப்பு 1979இல் மூன்று தொகுதிகளாக அச்சில் வந்துவிட்டது. கையெழுத்துப் பிரதிக்கு அலைவதற்கு முன் அதை வாங்கிப் பாருங்கள். உள்ளூர் நூலகத்திலேயே பிற நூலகக் கடன் முறையில் கேட்டால் வரவழைத்துத் தருகிறார்கள். எனக்கு மூன்றாம் தொகுதி முதலில் வந்தது, முதல் தொகுதிக்கு இன்னும் காத்திருக்கிறேன். மலர் அச்சுக்குப் போய்விட்டது.