மலை மடத்தில் கிறிஸ்மஸ்: 2023 நாட்குறிப்பு

டிசம்பர் 15, வெள்ளி

கம்பத்திலிருந்து குமுளி ஏறி, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இன்னும் ஒரு மணி நேரம் ஜீப்பில் வந்தேன். பெனடிக்ட் சபைத் துறவிகளின் சின்ன மடம், மொத்தம் ஒன்பது பேர். ஜூனில் அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் கிறிஸ்மஸை எப்படிக் கடப்பது என்றே தெரியவில்லை, அதனால்தான் இங்கே. வழியெல்லாம் கடைகளில் ஸ்டார் எரிகிறது, மடத்தில் ஒன்றுகூட இல்லை. கிறிஸ்மஸுக்கு முந்தைய காத்திருப்பு நாட்களான திருவருகைக் காலம் முடியட்டும் என்கிறார்கள்.

மாட்டுக்கொட்டகை பிரதரிடம் நாலு சிரட்டை வாங்கி, மண்ணும் சாணத்தூளும் போட்டு, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி ஈரச்சாக்கால் மூடினேன். குடிலுக்குப் புல் வேண்டுமே. அம்மா வருஷாவருஷம் செய்வாள்.

டிசம்பர் 17, ஞாயிறு

திருவருகைக் காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நாலு மெழுகுவர்த்திகளில் மூன்றாவதான ரோஜா நிற மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். பூசை உடையும் அதே நிறம். இன்றிலிருந்து ஏழு நாள் மாலைச் செபத்தில், மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் ஒரு விசேஷ முன்மொழி, அதாவது பல்லவி மாதிரிச் சின்னப் பாட்டு. இன்று "ஓ ஞானமே". ஏழு முன்மொழிகளிலும் லத்தீனில் 'ஓ'வுக்கு அடுத்த சொல்லின் முதலெழுத்தை எடுத்துக் கடைசியிலிருந்து படித்தால் 'நாளை வருவேன்' என்று வருமாம். 23ஆம் தேதி மாலை ஏழாவதைப் பாடும்போதுதான் அந்த வாக்கு முழுமையாகிறது. சின்ன வயதிலிருந்து பூசைக்குப் போகிறேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

டிசம்பர் 19, செவ்வாய்

திருநெல்வேலி, தூத்துக்குடியெல்லாம் வெள்ளம். தூத்துக்குடியில் அக்காவுக்கு நேற்றிலிருந்து போன் போகவில்லை. அதிகாலைச் செபத்திலேயே தென் மாவட்டங்களுக்காக மன்றாடினார்கள், மலையாளத்தில்தான், ஆனால் ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் தாங்க முடியவில்லை. மாலையில் அக்காவே கூப்பிட்டாள், பக்கத்து வீட்டு மாடியில் இருக்கிறார்களாம்.

சாக்கைத் தூக்கினால் இன்னும் முளைக்கவில்லை. "தணுப்பல்லே சேட்டா, பதுக்கே வரும்" என்றார் பிரதர், குளிர்தானே, மெதுவாக வரும் என்று. இன்றைய முன்மொழி "ஓ ஈசாயின் வேரே", ஈசாய் தாவீது அரசரின் தகப்பன். இராச்செபம் முடிந்து மடம் பேச்சடங்கிய பிறகு டார்ச் அடித்து இன்னொரு தடவை பார்த்தேன். ஒரு சிரட்டையில் மட்டும் விதை பிளந்து, வெள்ளையாக, நூல்போல ஒரு வேர்.

டிசம்பர் 24, ஞாயிறு

இந்த வருஷம் திருவருகைக் கால நாலாம் ஞாயிறும் கிறிஸ்மஸ் இரவும் ஒரே நாள். காலையில் ஏற்றிய நாலாவது மெழுகுவர்த்தி ஒரு நாள்கூட முழுதாக எரியாது. பூசை முடிந்ததும் குடில் வேலை. மரத்தடிப் பாசியை அட்டை அட்டையாக உரித்து வந்தோம். புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் நிஜ மாடும் கழுதையும் வைத்து முதல் குடில் அமைத்தது 1223இல், சரியாக 800 வருஷம். எங்கள் நிஜ மாடுகள் பத்தடி தள்ளி அசைபோடுகின்றன! கேழ்வரகு இரண்டு விரல் உயரம் வந்திருந்தது. நாலு சிரட்டையையும் தீவனத்தொட்டியைச் சுற்றி வைத்தேன். தொட்டி காலிதான்.

டிசம்பர் 25, அதிகாலை 2 மணி

தூக்கம் வரவில்லை. பதினோரு மணிக்கே எஸ்டேட் லயங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஜீப் ஜீப்பாக வந்துவிட்டார்கள், குழந்தைகளுக்குக் குரங்குக் குல்லாய். விளக்கை அணைத்ததும் ஒரே ஒரு துறவி பிறப்பு அறிவிப்பைப் பாடினார்: ரோம் நகரம் உண்டான 752ஆம் ஆண்டு, அகுஸ்துவின் ஆட்சியில் 42ஆம் ஆண்டு என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் பெத்லகேம். திருவருகைக் கால ஞாயிறுகளில் பாடாத "உன்னதங்களிலே" என்ற புகழ்ப்பாட்டு தொடங்கியபோது எல்லா மணியும் ஒன்றாக அடித்தது. என் பக்கத்தில் நின்ற பாட்டி சத்தமாக அழுதார், நானும்தான். பாலன் இயேசுவின் சுரூபத்தைத் தொட்டியில் வைத்தார்கள். அப்புறம் எல்லோருக்கும் கட்டன் காப்பி, கேக். ஸ்டார் இப்போதுதான் எரிகிறது.

டிசம்பர் 28, வியாழன்

எங்கள் வீட்டில் 25ஆம் தேதி மத்தியானப் பிரியாணியோடு கிறிஸ்மஸ் முடிந்துவிடும். இங்கே நேற்று முன்தினம் புனித ஸ்தேவான், நேற்று புனித யோவான், இன்று ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள் என்று தினமும் திருநாள். பழைய வழக்கப்படி இன்று அதிபர் நாற்காலியில் மடத்தின் ஆகச் சிறிய பிரதர் உட்கார்ந்தார். அவரே எல்லோருக்கும் ஐஸ்கிரீம் என்று உத்தரவு போட்டார், இந்தக் குளிரில்!

மத்தியான ஜீப்பில் கிளம்புகிறேன். புல் நுனி மஞ்சளடிக்கத் தொடங்கிவிட்டது. ஜனவரி 8, ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாள் வரைக்கும் குடில் இருக்கும், அதுவரை தண்ணீர் தெளிக்கிறேன், அப்புறம் கன்றுக்குட்டிக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டார் மாட்டுக்கொட்டகை பிரதர். போடுங்கள் என்றேன். அம்மாவும் எங்கள் வீட்டு ஆட்டுக்குத்தான் போடுவாள்.