வேரில் ஒட்டியிருந்த மண்

இன்று விடியற்காலை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வார்விக் சந்தையில் நான் வாங்கிய கொத்தமல்லிக் கட்டின் வேர்களில் ஈரமான செம்மண் ஒட்டிக்கொண்டிருந்தது.

விற்ற பாட்டி அதை உதறப் போனார். அப்படியே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நேற்றிரவு மகள் காட்டிய ஜப்பானியச் செடித் தொழிற்சாலையில் மண்ணே இல்லை. அடுக்கடுக்கான தட்டுகளில், எல்.இ.டி. விளக்கொளியில், சத்துகள் கரைந்த நீரில் வேர் நனைய, லெட்யூஸ் கீரை வளர்ந்துகொண்டிருந்தது. அதே நீர் திரும்பத் திரும்பச் சுழல்வதால், வயலுக்கு வேண்டியதில் மிகச் சிறு பங்கே போதுமாம். 2018இல் கேப் டவுன் குழாய்கள் வறண்டுபோகும் நாளை எண்ணிக்கொண்டிருந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் வெயில் இலவசமாகச் செய்யும் வேலையை அங்கே மின்சாரம் செய்கிறது.

நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. 2023இல் பெரும்பாலான நாட்களில் மின்வெட்டை அனுபவித்தோம். அதே ஆண்டு ஜூனில், அமெரிக்காவில் இப்படி விளக்கொளியில் கீரை வளர்ப்பதில் முன்னோடியான ஏரோஃபார்ம்ஸ் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது.

1860 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிட்டு இந்த நகருக்குச் சோறூட்டினார்கள். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த என் தாத்தாவின் தோட்டம், 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் பறிபோனது.

அதனால்தான், கீரை முழுவதையும் விளக்கின் கீழ் வளர்ப்பதைவிட, விளக்கறையில் நோயற்ற நாற்றுகளை வளர்த்து, எஞ்சியிருக்கும் தோட்டக்காரர்களின் கையில் கொடுப்பதையே நான் விரும்புகிறேன்.